மோப்பமும் குரலும்: வேட்டை அறிவை நாம் எங்கே கொண்டு செல்வது?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் காட்டுப் பன்றியைப் பற்றிப் பேச்சா என்று சிலர் வியக்கக்கூடும். மணம் காட்டியும் குரல் கொடுத்தும் பன்றியை வரவழைக்கும் நுட்பம் நம் முதியோர் சிலர் அறிந்த ஒன்று. அஃது ஏட்டில் ஏறவில்லை. ஏறாத காரணத்தால் அறிவென்று மதிக்கப்படவுமில்லை. ஆகவே அதனை அறிவியலின் துணைகொண்டு நோக்குவதும், அது நம் இளைஞரை எங்கே கொண்டு செல்கிறது என எண்ணிப் பார்ப்பதும் இச்சங்கத்தின் கடமையே எனக் கருதுகிறோம்.

பன்றிக்குக் கண் மந்தம். மூக்கும் செவியும் கூர்மை. 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று பன்றிக்கு மோப்ப மரபணுக்கள் ஏறத்தாழ 1,300 உள்ளன எனக் கணக்கிட்டது. மனிதரிடம் செயற்படுபவை ஏறத்தாழ 400 மட்டுமே. ஆதலால் பன்றிக்குக் காத்திருப்பவன் முதலில் காற்றின் திசையைப் பார்க்கிறான். அது வரும் பக்கத்திலிருந்து காற்று தன்மீது வீசுமாறு அமர்கிறான். தன் வாடை அதன் மூக்கை எட்டினால் அன்றைய இரவு வீண் என்பதை அவன் அறிவான்.

மேலை நாட்டு வேட்டைக்காரர் இம்மூக்கையே தூண்டிலாக்குகின்றனர். அமெரிக்காவில் மக்காச்சோளத்தை நீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்து இடுகின்றனர். அப்புளித்த வாடை நெடுந்தொலைவு செல்லும். செருமனியில் மரத்தாரை அடிமரத்தில் பூசுகின்றனர். பன்றிகள் உடலை உராய்ந்துகொள்ள அம்மரத்தைத் தேடி வருகின்றன. ஆண் பன்றியின் உமிழ்நீரிலுள்ள ஒரு வேதிப்பொருள், பருவமெய்திய பெண் பன்றியை அசையாது நிற்கச் செய்கிறது. பண்ணைகளில் அதனையே தெளிப்பானாகப் பயன்படுத்துகின்றனர்.

குரலுக்கும் இலக்கணம் உண்டு. பெண் பன்றிகள் குட்டிகளுடன் கூட்டமாக வாழ்வன. வளர்ந்த ஆண் பெரும்பாலும் தனித்துத் திரியும். மேயும்போது எழும் தாழ்ந்த உறுமல், இங்கே அச்சமில்லை என்னும் செய்தி. குட்டியின் வீறிடலோ தாயைச் சீற்றத்துடன் ஓடிவரச் செய்யும். அக்குரலை விளையாட்டாகப் போலி செய்தவன் தன் உயிரையே பணயம் வைத்தவனாவான்.

இத்துணை நுட்பம் அறிந்த அமெரிக்கா பன்றியை வென்றதா? 1539ஆம் ஆண்டில் தெ சோத்தோ என்னும் இசுபானியர் புளோரிடாவில் பன்றிகளைக் கொண்டு இறக்கினார். இன்று அந்நாட்டில் ஏறத்தாழ 60 இலட்சம் காட்டுப் பன்றிகள் உள்ளன என மதிப்பிடுகின்றனர். வேட்டை இன்பத்திற்காகப் புதிய இடங்களில் பன்றிகளைக் கொண்டு விட்டவர்களும் அதற்கொரு காரணம். ஒன்றைச் சுட்டால் மற்றவை சிதறி வேறிடம் சென்று பெருகுகின்றன. ஆகவே மிசௌரி மாநிலத்தின் வனவளத் துறை 2016ஆம் ஆண்டில் தன் நிலங்களில் பன்றி வேட்டையைத் தடைசெய்து, தீனியிட்டுக் கூட்டம் முழுவதையும் பட்டியில் அடைக்கும் முறையை மேற்கொண்டது. தோட்டாவைவிடப் பொறுமையே பயன் தந்தது.

நம் நாட்டில் தினைப்புனத்துக்கு வரும் பன்றியும், அது பல்லியின் ஒலிக்கு அஞ்சித் தயங்குவதும் நற்றிணையில் பதிவாகியுள்ளன. பயிருக்கும் பன்றிக்குமான பகை அத்துணைப் பழமையானது. ஆனால் இன்று நடப்பதென்ன? நிலம் ஒருவருடையது, இரவில் காட்டோரம் அனுப்பப்படுபவன் வேறொருவன். தீனிக்குள் வெடிமருந்தைப் பொதிந்த அவுட்டுக்காயைச் சிறு கூலிக்காகச் சுமப்பவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கலாம். அது கையில் வெடித்தால் கை போகும். பன்றிக்கு வைத்ததை ஆடுமாடு கடித்தாலும் யானை கடித்தாலும் தாடை சிதறும். 2020ஆம் ஆண்டு மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் கருவுற்ற யானையொன்று அவ்வாறே மாண்டது.

சட்டத்தையும் அறிந்துகொள்வோம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் காட்டுப் பன்றியை வேட்டையாடுவது குற்றம். 2025ஆம் ஆண்டு சனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த முறைப்படியும், காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரழிக்கும் பன்றிகளைச் சுடும் அதிகாரம் வனத்துறையினருக்கே உண்டு. அனுப்பியவரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இராது. பிடிபடுபவனின் பெயரோ வழக்கேட்டில் நிலைத்துவிடும். அவனுடைய படிப்பும் வேலைவாய்ப்பும் அத்தோடு முடங்கும். சட்டம் பயின்று சட்டமே இயற்றிய அண்ணல் அம்பேத்கரின் வழியில் வந்த நாம், சட்டம் அறியாமையால் நம் பிள்ளைகளை இழக்கலாமா?

அப்படியாயின் முதியோரின் அறிவைப் புதைத்துவிடுவதா? அன்று. இருளர் பழங்குடி மக்களைப் பாருங்கள். 1972ஆம் ஆண்டின் அச்சட்டம் பாம்புத்தோல் தொழிலுக்கு முடிவு கட்டியபோது அவர்களது பிழைப்பு நின்றது. 1978ஆம் ஆண்டில் அவர்களுக்கெனக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. தோலுரித்த கைகள் நஞ்செடுத்து மருந்துக்கு வழங்கின. மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவர் 2017ஆம் ஆண்டில் அதே புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பெற்றனர். 2023ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் பெற்றனர். அறிவு மாறவில்லை, அஃது ஒழுகிய வாய்க்காலே மாறியது.

இளைஞர்களே, நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, உங்கள் ஊர்ப் பெரியவரிடம் அமர்ந்து, காற்று, தடம், குரல், வாடை பற்றி அவர் அறிந்தவற்றைக் கேட்டு, அவர் பெயரோடு குறிப்பேட்டில் எழுதுங்கள். இரண்டாவது, விலங்கியலும் வனவியலும் பயின்று, அந்தக் குறிப்பேட்டோடு வனத்துறையின் வாயிலுக்குச் செல்லுங்கள். மூன்றாவது, இரவு வேலைக்கு அழைப்பவரிடம் இயலாது என்று சொல்லத் துணியுங்கள். தனித்துச் சொல்ல அஞ்சினால் சங்கத்துக்கு வாருங்கள்; நாம் சேர்ந்தே சொல்வோம்.

பன்றிக்கு ஆசை காட்டும் தீனியைப் போலவே மனிதனுக்கு ஆசை காட்டும் கூலியும் உண்டு. காற்றின் திசையறிந்து நிற்கக் கற்பிப்பதே கல்வி.