கைநாட்டு வாங்குவதற்கு முன்

(திருவண்ணாமலையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கொரோனா காலத்து மருத்துவ ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு டாக்டரைக் கூப்பிடாமல் பேங்க் கிளார்க்கைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். போதாததற்கு அவன் கவிதை வேறு எழுதுகிறவன். ஆனாலும் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு அனுபவம் உண்டு. அது கைநாட்டு வாங்குகிற அனுபவம். பத்து வருஷத்துக்கு மேலாக மை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நம்ம சனங்களின் பெருவிரலைப் பிடித்துத் தாளில் அழுத்திக்கொண்டிருக்கிறேன். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டிவிட்டுத்தான் கைநாட்டு வாங்க வேண்டும். கூட்டம் நெருக்குகிற நாளில் எத்தனை பேருக்குப் படித்துக் காட்டினேன் என்று நீங்கள் கேட்டால் நான் தலை குனியத்தான் வேண்டும்.

2021 மே மாதம். இரண்டாவது அலை. காலனியிலிருந்து ஒரு அக்கா ஒரு சங்கிலியும் ஒரு சோடி கம்மலும் எடுத்துக்கொண்டு நகைக்கடனுக்கு வந்தாங்க. "இன்னாக்கா இவ்ளோ அவசரம்?" என்றேன். "தம்பி ஆக்சிஜன்ல கீறான் சார். ரெம்டெசிவிர் வாங்கியாரச் சொல்லிட்டாங்க. மெட்ராஸ் போவணும்" என்றாங்க. கைநாட்டு வாங்கிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அந்தச் சமயத்தில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் அந்த மருந்துக்காக மாநிலம் முழுக்க இருந்து வந்தவர்கள் ராவும் பகலும் வரிசையில் நின்றார்கள். கூட்டம் தாங்காமல் பிறகு விற்பனையை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள்.

அந்த அக்கா நகையை வைத்த அன்றைக்கு, அந்த மருந்து உயிரைக் காப்பாற்றுமா என்ற கேள்விக்கு உலகத்தில் ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. ஏழு மாதமாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் நடத்திய 'சாலிடாரிட்டி' என்கிற ஆய்வில் 30 நாடுகளைச் சேர்ந்த 405 மருத்துவமனைகளில் 11,000 பேருக்கும் மேற்பட்ட நோயாளிகள் கலந்துகொண்டார்கள். ரெம்டெசிவிர் மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் சாவை ஏறக்குறைய குறைக்கவில்லை என்று 2020 அக்டோபரில் அதன் முடிவு வந்தது. நவம்பரில் அந்த மருந்தைப் பரிந்துரைக்கவில்லை என்று அந்த நிறுவனமே சொன்னது. (சில வகை நோயாளிகளுக்குக் கொஞ்சம் பலன் உண்டு என்று 2022இல் திருத்திக்கொண்டார்கள். ஆனால் நகையை அடகு வைத்து ஓடுகிற அளவுக்கு அது எப்போதும் உயிர்காக்கும் மருந்தாக இருந்ததில்லை.) அந்த 11,000 பேரில் நம் நாட்டு நோயாளிகளும் இருந்தார்கள். அவர்கள் உடம்பைக் கொடுத்து வாங்கிய பதில் அந்த அக்காவின் தெருவுக்கு மட்டும் வந்து சேரவில்லை.

ஆகவே நான் சொல்ல வருவது ஆராய்ச்சி வேண்டாம் என்பதல்ல. ஆராய்ச்சி நடக்காத இடத்திலும் நம்ம உடம்பின்மேல் சோதனை நடந்துகொண்டுதான் இருக்கிறது. என்ன ஒன்று, அதற்குக் கணக்கு இல்லை, முடிவு இல்லை, பொறுப்பு ஏற்க ஆளும் இல்லை.

கணக்கோடு செய்தால் என்ன கிடைக்கும்? இங்கிலாந்தில் 'ரிகவரி' என்று ஒரு ஆய்வு நடந்தது. பெரிய பெரிய ஆராய்ச்சிக் கூடங்களை மட்டும் நம்பாமல் அந்நாட்டுப் பொது மருத்துவமனைகள் 176இல், சாதாரண வார்டு டாக்டர்களையும் நர்சுகளையும் வைத்தே நடத்தினார்கள். படிவம் சின்னது. யாருக்கு மருந்து, யாருக்கு வழக்கமான சிகிச்சை என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல முடிவு செய்தார்கள். டாக்டருக்குப் பிடித்தவன், பிடிக்காதவன் என்கிற பேச்சுக்கே இடமில்லை. மூன்று மாதத்தில் பதில் வந்துவிட்டது. டெக்சாமெதசோன் என்கிற, பல காலமாகக் கடையில் கிடைக்கிற, சில ரூபாய் விலையுள்ள மருந்து, மூச்சுக் கருவியில் இருந்தவர்களின் சாவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தது. ஆக்சிஜனில் இருந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை என்பதும் அதே கணக்கில் தெரிந்தது.

நம் நாட்டிலும் செய்தார்கள். குணமானவரின் பிளாஸ்மாவை ஏற்றினால் பிழைக்கலாம் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தபோது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் ஆய்வு செய்தது. அதில் பெரும்பாலானவை அரசுக் கல்லூரி மருத்துவமனைகள். பிளாஸ்மாவால் சாவு குறையவில்லை, நோய் முற்றுவதும் குறையவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் அரசின் சிகிச்சை நெறிமுறையிலிருந்து பிளாஸ்மாவை நீக்க 2021 மே வரை ஆனது. அதுவரைக்கும் சனங்கள் தெருத்தெருவாக ரத்தம் தேடி அலைந்ததை நீங்களும் பார்த்தீர்கள்.

இன்னும் பின்னால் போவோம். 1956இல் சேத்துப்பட்டில் — நம்ம மாவட்டத்துச் சேத்துப்பட்டு இல்ல, மெட்ராஸ் சேத்துப்பட்டு — காசநோய் ஆய்வு மையம் ஒன்று தொடங்கினார்கள். காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்கை, நல்ல காற்று, நல்ல சாப்பாடு என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம். 193 நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறுபாதிக்கு அவர்கள் வீட்டிலேயே ஒரு வருஷம் மாத்திரை கொடுத்தார்கள். நெரிசலான ஏழைக் குடியிருப்பு, அரை வயிற்றுக் கஞ்சி. 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. உலகம் முழுக்கக் காசநோய் மருத்துவம் மாறியது அந்த முடிவால்தான். மெட்ராஸின் நெரிசலான குடியிருப்புகளில் யார் இருந்தார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உலகத்துக்கு மருத்துவம் கற்றுக்கொடுத்த அந்த மனிதர்களுக்கு ஒரு கல்வெட்டு உண்டா? பாடப்புத்தகத்தில் ஒரு வரி உண்டா?

இது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் பேசாமல் விட்டால் நான் உங்களுக்கு உண்மையாக இருக்க மாட்டேன்.

அமெரிக்காவில் டஸ்கிகீ என்ற ஊரில் 1932இலிருந்து 1972 வரை, சிபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், பெனிசிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமல், நோய் எப்படி ஆளைத் தின்கிறது என்று அரசு மருத்துவர்களே உட்கார்ந்து பார்த்தார்கள். அது அமெரிக்கா என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 2009இல், அன்றைக்கு ஆந்திராவில் இருந்த கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசியை 10 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் போட்டார்கள். அதில் பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். சில பிள்ளைகள் இறந்தார்கள். அதற்குத் தடுப்பூசி காரணமல்ல என்று விசாரணைக் குழு சொன்னது. இருக்கட்டும். ஆனால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டது யார்? பல படிவங்களில் பெற்றோர் அல்ல, விடுதிக் காப்பாளர்கள். 2013இல் நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தப் படிவங்களில் ஒரு ஆதிவாசித் தாயின் கைநாட்டுக்குக்கூட அவசியம் இருக்கவில்லை.

கொரோனா காலத்திலும் இது தொடர்ந்தது. 2020 டிசம்பரில் போபாலில் தடுப்பூசி ஆய்வு நடந்தபோது, விஷவாயு தாக்கிய குடியிருப்புகளைச் சேர்ந்த ஏழைகள் சிலர், 750 ரூபாய் தருவதாகக் கூப்பிட்டார்கள், போட்டது ஆய்வு ஊசி என்று எங்களுக்குச் சொல்லவில்லை என்று புகார் சொன்னார்கள். ஆய்வை நடத்திய தனியார் மருத்துவமனை அதை மறுத்தது.

தோழர்களே, 2023 ஜனவரி 30 அன்று நம்ம மாவட்டத்துத் தென்முடியனூரில் நம்ம சனங்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். தலைமுறை தலைமுறையாக மறுத்த வாசல். உள்ளே விடாதது தீண்டாமை என்று நமக்கு நன்றாகத் தெரியும். கேட்காமல் உள்ளே இழுப்பதும் தீண்டாமைதான் என்பதை நாம் இன்னும் சத்தமாகச் சொல்லவில்லை. பலன் இருக்கிற இடத்தில் வெளியே நிறுத்துகிறான், ஆபத்து இருக்கிற இடத்தில் முன்னால் தள்ளுகிறான். இரண்டிலும் நம்மைக் கேட்பதில்லை.

கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருந்து ஆய்வுகள் விதிகளின்படி, படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் வாங்கும்போது ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. ஆய்வால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. ஆய்வுக்கு அனுமதி தருகிற அறநெறிக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், அதில் ஒருவர் மருத்துவம் சாராத சாதாரண ஆளாக இருக்க வேண்டும். பாதிப் பேர் அந்த மருத்துவமனையோடு சம்பந்தமில்லாதவர்களாக இருக்க வேண்டும்.

அந்த 'சாதாரண ஆள்' யார் என்பதுதான் என் கேள்வி. அது ஓய்வுபெற்ற அதிகாரியாகவோ நகரத்துப் பெரிய மனிதராகவோதான் இருக்க வேண்டுமா? வார்டில் படுத்துக் கிடக்கிறவர்களில் பாதிக்கு மேல் காலனியிலிருந்தும் சவ்வாது மலையிலிருந்தும் வந்தவர்கள் என்றால், அந்த நாற்காலியில் ஏன் காலனியைச் சேர்ந்த ஒரு பெண், மலையைச் சேர்ந்த ஒரு பெண் உட்காரக் கூடாது? இங்கே இருக்கிற மாணவர்கள் இதை மனுவாக எழுதுங்கள். நம் மாவட்ட மருத்துவமனைகளில் நல்ல ஆய்வுகள் நடக்கட்டும் என்றும் சேர்த்தே எழுதுங்கள். ஆய்வில் பலன் என்று தெரிந்த மருந்து அதே வார்டில் இலவசமாகக் கிடைக்க வேண்டும், முடிவைத் தமிழில் எழுதி, கலந்துகொண்டவர்களின் தெருவில் வந்து படித்துக் காட்ட வேண்டும் என்றும் எழுதுங்கள். நாட்டில் நடக்கிற மருந்து ஆய்வுகளின் பதிவேடு பொதுவில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நம்ம பிள்ளைகள் அதைப் பார்க்கப் பழக வேண்டும்.

அந்த அக்கா அப்புறம் பேங்குக்கு வந்தாங்க. தம்பி இல்லை. வட்டி கட்டத்தான் வந்தாங்க. அன்றைக்கு மருந்தின் முடிவு எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா, சொன்னாலும் தம்பி மூச்சுக்குத் தவிக்கிறபோது அவங்க கேட்டிருப்பாங்களா, தெரியவில்லை. இப்போதெல்லாம் வரிசை எவ்வளவு நீண்டாலும் நான் மை டப்பாவை மூடியே வைத்திருக்கிறேன். முதலில் தாளைப் படித்துக் காட்டுகிறேன். பின்னால் நிற்கிறவர்கள் திட்டுகிறார்கள், மேனேஜர் முறைக்கிறார். படித்து முடித்துவிட்டு, "புரிஞ்சுதா, சம்மதமா?" என்று கேட்கிறேன்.

நேற்று ஒரு பெரியம்மா, "வேணாம்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாங்க.