வாரம் ஒரு மாத்திரையும் மாத்திரைதான்

(சங்க உறுப்பினர்கள் கூட்டத்தில் பல் சீரமைப்பு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

சாப்பாட்டுக்கு முன்னால் பல் டாக்டரைப் பேச விட்ட செயலாளரின் தைரியத்தை மெச்ச வேண்டும். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

பல்லுக்குக் கம்பி போடுவது குழந்தைகள் சமாச்சாரம் என்று நினைக்கிறோம். இப்போது ஐம்பது வயதைத் தாண்டியவர்களும் வருகிறார்கள். அப்படி வந்த ஒரு மாமிக்கு மேல்வரிசை முன்பற்களின் நடுவே இடைவெளி. கீழ்வரிசையில் நெருக்கம். பெண்ணின் கல்யாணத்துக்குள் சரியாக வேண்டும் என்றார்.

"தினமும் ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டேன்.

"பகவான் புண்ணியத்தில் ஒன்றும் கிடையாது" என்றார்.

கம்பி போட்டேன். சாதாரணமாக மாதத்துக்கு சுமார் 1 மில்லிமீட்டர் நகரும் பல், நான்கு மாதமாகியும் அசையவில்லை. கீழே ஒரு பல்லை எடுத்துவிடலாம் என்று தீர்மானித்து, ஞாயிற்றுக்கிழமை காலை வரச் சொன்னேன்.

"ஞாயிறு காலை வேண்டாம் டாக்டர். அன்று எலும்பு மாத்திரை போட்டுக்கொள்ளும் நாள். அரை மணி நேரம் காபி கூடக் கிடையாது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அலென்ட்ரோனேட், எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு முறை சாப்பிடுவது. மாமி பொய் சொல்லவில்லை. "தினமும்" என்று கேட்டது என் தவறு.

கம்பி தள்ளும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலை செய்து பல்லுக்கு வழி விடுகின்றன. மறுபக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. எலும்பு கரைவதைத் தடுப்பதுதான் இந்த மாத்திரையின் வேலை. பிறகு பல் எப்படி நகரும்? மாத்திரையை நிறுத்தினாலும் மருந்து எலும்பில் பல வருஷங்கள் தங்கியிருக்கும். அதைவிட முக்கியம், பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் அபாயம் சிலருக்கு உண்டு. இது அபூர்வம்தான். ஆனால் வந்தால் பெரிய அவஸ்தை. 2003ல்தான் மருத்துவ உலகம் இதைக் கவனிக்க ஆரம்பித்தது. வருஷம் ஒரு முறை ஏற்றும் ஜோலெட்ரானிக் ஆசிட் மருந்தும் இதே வகை.

மாமியின் பல்லை நான் எடுக்கவில்லை. அவருடைய எலும்பு டாக்டரிடம் பேசினேன். மாத்திரை தொடர்ந்தது. கம்பியைக் கழற்றிவிட்டு, பல்லின் நிறத்திலேயே உள்ள காம்போசிட் வைத்து இடைவெளியை அடைத்தேன். கல்யாண போட்டோவில் நன்றாகவே சிரிக்கிறார்.

மற்ற மருந்துகளையும் சொல்லிவிடுகிறேன். கம்பியை இறுக்கிய அன்று வலிக்கும். உடனே வீட்டிலிருக்கும் ஐபுப்ரூஃபெனையோ டைக்ளோஃபெனாக்கையோ குழந்தைக்குக் கொடுக்கிறோம். பல் நகர உடம்பில் ப்ராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் தேவை. இந்த மாத்திரைகள் அதைக் குறைப்பவை. என்றோ ஒன்று சாப்பிட்டால் பாதகமில்லை. நாள் கணக்கில் வேண்டாம். பாராசிட்டமால் போதும், அதுவும் டாக்டர் சொன்ன அளவில்.

நாள்பட ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் பல் வேகமாக நகரலாம். ஆனால் நகர்ந்த இடத்தில் நிலைக்காமல் போகலாம். வலிப்புக்கான ஃபெனிடாயினும், ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினும் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். கம்பியைச் சுற்றிச் சுத்தம் செய்வது அப்போது இரட்டிப்பு வேலை.

இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. இதயத்துக்காகச் சாப்பிடும் ஆஸ்பிரினை நிறுத்தினால் பல்லைவிடப் பெரிய விஷயம் போய்விடும். எதையும் நிறுத்துவதோ மாற்றுவதோ அதை எழுதிக் கொடுத்த டாக்டரின் பொறுப்பு. பல் டாக்டரிடம் சொல்வதுதான் உங்கள் பொறுப்பு.

எனவே ஒரு காகிதத்தில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை, ஊசி, இன்ஹேலர், லேகியம் எல்லாம். தினமும், வாரம் ஒரு முறை, வருஷம் ஒரு முறை எல்லாம். அன்று முதல் நானும் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "இந்த ஒரு வருஷத்தில் உடம்புக்குள் என்னென்ன மருந்து போயிற்று?" என்றுதான் கேட்கிறேன்.

இலை போட்டாயிற்று என்று ஜாடை காட்டுகிறார்கள். நன்றாக மென்று சாப்பிடுங்கள்.