கோட்டுக்கு வெளியே இருக்கிறவனுக்கும் ஒரு மேட்ச்

(தோட்ட விளையாட்டுக் கழக ஒன்றுகூடலில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நான் பேசப் போவது கோல் அடிக்கிறவர்களைப் பற்றி அல்ல. டீமில் பெயர் இருந்தும் மைதானத்துக்குள் இறங்காமல், கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற நாலைந்து பேரைப் பற்றித்தான். அவங்களும் நம்ம லயத்துப் பிள்ளைகள்தானே!

உதைபந்தாட்டத்தில் பதினொரு பேர்தான் இறங்கலாம். ஆனால் ஒருத்தனுக்குக் கால் பிசகும், இன்னொருத்தனுக்குக் காய்ச்சல் வரும். அப்போது வெளியே இருந்தவனை "இறங்கு தம்பி" என்கிறோம். அவன் இரண்டு மாதமாக ஒரு மேட்ச்கூட விளையாடியிருக்க மாட்டான். பத்து நிமிஷத்தில் மூச்சு வாங்கும். பந்து வருகிற வேகம் பிடிபடாது. உடனே, "இவனை ஏன் போட்டீங்க?" என்று சத்தம் போடுகிறோம். இது நியாயமா?

கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்குத் தெரியும், நல்ல கத்தியும் மூலையில் கிடந்தால் துரு ஏறும். பிரசவ லீவு முடிந்து மலைக்குப் போகிற அக்காமாரைக் கேளுங்கள், முதல் வாரம் கொழுந்தில் கை ஓடாது. தொழில் மறந்துபோனதா? இல்லை, பழக்கம் விட்டுப்போனது. விளையாட்டும் அப்படித்தான். பின்னேரம் ஓடினால் உடம்பு நிற்கும். ஆனால் எதிரி நெருங்கி வரும்போது பந்தை யாருக்குக் கொடுப்பது, எப்போது முன்னே போவது என்பதெல்லாம் மேட்ச் விளையாடினால்தான் வரும்.

இதை இங்கிலாந்துக் கழகங்கள் எப்போதோ புரிந்துகொண்டன. அங்கே வடபகுதிக் கழகங்களின் இரண்டாம் அணிகளுக்கென்று 1911இலேயே சென்ட்ரல் லீக் தொடங்கிவிட்டார்கள். அந்தக் காலத்தில் லீக் போட்டியில் மாற்று வீரர் இறங்கவே முடியாது. அந்த வசதி 1965இல்தான் வந்தது. முதல் அணியில் இடம் கிடைக்காதவர்கள், காயம் ஆறி வந்தவர்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் ரிசர்வ் போட்டியில் விளையாடித்தான் தயாராக இருந்தார்கள். இப்போது பிரிமியர் லீக்கில் ஐந்து பேரை மாற்றலாம். அப்படியிருந்தும் இளைஞர்களுக்கான அவர்களுடைய 21 வயதுப் போட்டியில், வயது கூடிய சிலரும் விளையாட இடம் வைத்திருக்கிறார்கள். காரணம் இதே காரணம்தான்.

லிவர்பூல் கழகத்திலிருந்து இரண்டு பேரைச் சொல்கிறேன். பில் நீல் என்பவர் 1974 ஒக்டோபரில் சேர்ந்தார். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை காலை ரிசர்வ் போட்டிக்குத் தயாராக வந்தவரை, பக்கத்து மைதானத்தில் எவர்ட்டன் கழகத்தோடு நடக்கிற பெரிய போட்டிக்குக் கூட்டிப் போனார்கள். இரண்டு மைதானத்துக்கும் நடுவில் ஒரு பூங்காதான். சப்பாத்தை எடுத்துக்கொண்டு நடந்து போனார், அன்றைக்கே விளையாடினார். எதிரணி ஒரு கோலும் போடவில்லை. பிறகு அந்த டிசம்பரிலிருந்து 1983 செப்டம்பர் வரை 365 லீக் போட்டிகளில் ஒன்றுகூட அவர் தவறவிடவில்லை.

மற்றவர் இயன் ரஷ். 1980இல் 3 லட்சம் பவுண் கொடுத்து வாங்கப்பட்டவர். அவ்வளவு காசு கொடுத்தும் முதல் வருஷம் பெரும்பாலும் ரிசர்வ் அணியில்தான் விட்டார்கள். முதல் அணியில் 9 போட்டி ஆடி ஒரு கோலும் இல்லை. அவரை ஓரமாக உட்கார வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ரிசர்வில் ஆடிக்கொண்டே இருந்தார். அடுத்த பருவத்தில் 30 கோல்! கடைசியில் அந்தக் கழகத்துக்காக 346 கோல் போட்டார். இன்றுவரை அதைத் தாண்டியவர் அங்கே இல்லை.

நமக்கு அவ்வளவு பணமும் இல்லை, லீக்கும் இல்லை. ஆனால் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் இருக்கிறது. பக்கத்துத் தோட்டம் இருக்கிறது. அதனால் கழகத்துத் தம்பிமாரிடம் நான் கேட்பது இதுதான்.

முதலாவது, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது இரண்டாம் அணிக்கு ஒரு மேட்ச் வையுங்கள். முழு நேரம் முடியாவிட்டால் பாதிக்கு அரை மணித்தியாலம் போதும். மத்தியஸ்தர் கட்டாயம் இருக்கட்டும். விசில் இல்லாவிட்டால் அது விளையாட்டுப் பேச்சாகிவிடும்.

இரண்டாவது, அவனவனை அவனவன் இடத்தில் போடுங்கள். பின்னால் விளையாடுகிறவனை ஆள் குறைகிறது என்று முன்னால் விட்டால் அவனுக்குப் பயன் இல்லை. இரண்டாவது கோல் காப்பாளரை மறக்கவே கூடாது, அவருக்குத்தான் வாய்ப்பு மிகக் குறைவு.

மூன்றாவது, காயம் ஆறி வருகிறவன் முதலில் இந்த மேட்சில் பாதி நேரம் ஆடட்டும். நேரே இறுதிப் போட்டியில் இறக்கி, ஆறின காலை மறுபடி கெடுக்காதீர்கள்.

நான்காவது, கெப்டன் வந்து நின்று பார்க்க வேண்டும். நன்றாக ஆடினவனுக்கு அடுத்த போட்டியில் இடம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இது வெறும் கண்துடைப்பு என்று பையன்களுக்கு விளங்கிவிடும்.

தாய் தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. "பி டீமில்தானே விளையாடுறான்" என்று பிள்ளை காதுபடச் சொல்லாதீர்கள். வருஷம் முழுக்க ஓரத்தில் உட்கார்ந்த பையன் அடுத்த வருஷம் மைதானத்துப் பக்கமே வரமாட்டான். பின்னேரத்தில் அவன் வேறு எங்கே போய் நிற்பான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவனுக்கும் ஒரு மேட்ச், அவன் பெயர் எழுதின ஒரு பட்டியல், கைதட்ட நாலு பேர் இருந்தால், அவன் நம்மோடேயே இருப்பான்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது இரண்டாம் அணியின் பெயர்ப் பட்டியலோடு வாருங்கள்.