குற்றப் பதிவேடும் உழைப்பாளி மானமும்

(மும்பையில் நம் மன்றத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை, உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டபடி எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பலருக்குக் கசப்பாக இருக்கலாம். குற்றம் செய்து தண்டனை பெற்றவர்களின் பெயர், படம், முகவரி ஆகியவற்றை ஊரறியப் பட்டியல் போட்டு வைக்க வேண்டும் என்ற குரல் இந்த நாட்டில் அவ்வப்போது எழுகிறது. "திருடன் யார், கேடி யார் என்று தெரிந்தால்தானே குடும்பத்தைக் காத்துக்கொள்ள முடியும்?" என்று நம் வீட்டுப் பெண்களே கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பட்டியலை எழுதுவது யார் கை? அதில் முதலில் ஏறும் பெயர் யாருடைய பெயர்? இந்த இரண்டையும் கேட்காமல் கை தட்டிவிட்டால், நாளை நம் சாலின் வாசலில் ஒட்டப்படும் காகிதத்தில் நம் பிள்ளையின் படம் இருக்கும்.

தமிழனுக்கு இந்தப் பட்டியல் புதிதன்று. 1871-ஆம் ஆண்டு வெள்ளைக்கார அரசாங்கம் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒருவன் குற்றம் செய்தானா என்று பார்க்கவில்லை. எந்தச் சாதியில் பிறந்தான் என்று பார்த்துப் பெயரைப் பதிவேட்டில் ஏற்றினார்கள். மதுரைச் சீமையில் அதை ரேகைச் சட்டம் என்றே மக்கள் சொன்னார்கள். கைரேகை வைக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டதில் பலர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் பெண். சென்னை மாகாணத்தில் 1947-இலும், இந்தியா முழுவதும் 1952-இலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. சட்டம் ஒழிந்ததே தவிர, பதிவேடு எழுதும் பழக்கம் ஒழியவில்லை. வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்ற பெயரில் மாநிலத்துக்கு மாநிலம் அது வேறு சட்டை போட்டுக்கொண்டது. இந்தப் பம்பாய் மாநிலமும் 1959-இல் அப்படி ஒன்றை இயற்றியது.

தோழர்களே, சுதந்திர இந்தியாவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்று ஒருவர். 1941-இல் ஒரு கொள்ளை வழக்கில் அவரைப் பிடித்தார்கள். சாட்சியம் எதுவும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனாலும் அவர் பேரில் 'ஹிஸ்டரி ஷீட்' திறந்துவிட்டார்கள். இரவில் காவலர்கள் வந்து கதவைத் தட்டுவார்கள், உறங்குகிறவரை எழுப்பி "வீட்டில் இருக்கிறாயா?" என்று கேட்பார்கள். வெளியூர் போனால் அங்குள்ள காவல் நிலையத்துக்கும் தகவல் போகும். அவர் உச்ச நீதிமன்றம் போனார். இரவில் வீடு புகுந்து பார்ப்பது செல்லாது என்று 1962-இல் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை அன்று என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லி, மற்றக் கண்காணிப்பை அப்படியே விட்டுவிட்டார்கள். நீதிபதி சுப்பாராவ் அதை ஏற்காமல் தனித் தீர்ப்பு எழுதினார். அந்தச் சிறுபான்மைக் குரல் சட்டமாக 55 ஆண்டு பிடித்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தார்கள்.

இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கோலி வாடகைக்குப் பிடிக்கப் போனால் சௌக்கியில் விவரம் கொடு என்கிறார்கள். வீட்டு வேலைக்குப் போகும் நம் சகோதரிக்கு நன்னடத்தைச் சான்று கேட்கிறார்கள். காவலாளி வேலைக்கும், ஓட்டுநர் வேலைக்கும், வளைகுடா போகிற பாஸ்போர்ட்டுக்கும் போலீஸ் விசாரணை உண்டு. கணேஷ் விழாவுக்கோ தேர்தலுக்கோ முன்பு 'சாப்டர் கேஸ்' போட்டு, அமைதியாக இருப்பேன் என்று பத்திரம் எழுதி வாங்குகிறார்கள். அது தண்டனை அன்று. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதும் அன்று. ஆனால் பக்கத்து வீட்டுக்காரனுக்கு அந்த வேறுபாடு தெரியுமா? 'தடிபார்' என்ற சொல்லும் நம் காதுக்குப் பழகியதே. 1951-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டப்படி ஒருவனை இரண்டு ஆண்டு வரை ஊரைவிட்டு வெளியேற்றலாம். பிழைக்க வந்தவனுக்கு அது வேலையும் போய், வீடும் போகிற தண்டனை.

சிறையில் இருக்கிறவர்கள் யார் என்றும் பாருங்கள். தேசியக் குற்றப் பதிவேட்டு நிறுவனம் வெளியிட்ட 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, நாட்டுச் சிறைகளில் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நூற்றுக்கு 75 பேருக்கு மேல் தீர்ப்பே வராதவர்கள். ஜாமீனுக்குப் பணமும் ஆளும் இல்லாதவன் உள்ளே இருக்கிறான். இப்படிப்பட்ட நாட்டில் பட்டியல் போட்டால் அது குற்றவாளிப் பட்டியலாக இருக்குமா, ஏழைப் பட்டியலாக இருக்குமா?

2020 மார்ச்சில் லக்னோவில் நடந்ததை மறந்துவிடாதீர்கள். குடியுரிமைச் சட்டத் திருத்தத்தை எதிர்த்துப் போராடியவர்களின் படத்தையும் பெயரையும் முகவரியையும் பெரிய பலகைகளில் அச்சடித்து அரசே தெருமுனையில் நிறுத்தியது. அவர்கள் தண்டனை பெற்றவர்கள் அல்லர். அலகாபாத் உயர் நீதிமன்றம் எவரும் மனுப் போடும் முன்பே தானாக வழக்கை எடுத்து, இது அந்தரங்க உரிமையில் தலையிடும் செயல், பலகைகளை எடுங்கள் என்று மார்ச் 9 அன்று உத்தரவிட்டது. பலகை வைக்கும் அதிகாரம் கைக்கு வந்தால் அது கொள்ளைக்காரனோடு நிற்காது. கூலி உயர்வு கேட்கிறவன் வரை வரும்.

இப்போதுள்ள சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 37-ஆம் பிரிவு, கைது செய்யப்பட்டவர்களின் பெயர், முகவரி, குற்றச்சாட்டு ஆகியவற்றை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் எல்லோரும் காணும்படி, மின்னணு முறையிலும்கூட, காட்டி வைக்க வேண்டும் என்கிறது. இதில் ஒரு நன்மை உண்டு. அதை மறைக்கக் கூடாது. பிள்ளையைக் காணோம் என்று சௌக்கி சௌக்கியாக அலையும் தாய், அவன் எங்கே இருக்கிறான் என்று அறிய வேண்டும். யாரும் அறியாமல் பிடித்து வைத்து அடிப்பதை அது தடுக்கும். ஆனால் தாய்க்காக வைத்த பலகையை முதலாளியும் வீட்டுக்காரனும் படம் பிடித்துக்கொண்டால், விடுதலையான பிறகும் அந்தப் படத்தை யார் அழிப்பது? குடும்பத்துக்குத் தகவல் சொல்வது வேறு. ஊருக்குத் தண்டோரா போடுவது வேறு.

இனி, தாய்மார்களின் கேள்விக்கு வருகிறேன். "பெண்பிள்ளைகளைக் கெடுத்தவன் பெயரையாவது ஊருக்குச் சொல்ல வேண்டாமா?" அமெரிக்காவில் 1996 முதல் அப்படிச் சட்டம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நம் நாட்டிலும் 2018 செப்டம்பரில் பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியப் பதிவேடு தொடங்கப்பட்டது. தொடங்கும்போதே 4 லட்சத்து 40 ஆயிரம் பதிவுகள். ஆனால் அதைக் காவல்துறையும் புலனாய்வு அமைப்புகளும்தான் பார்க்க முடியும். பொதுமக்கள் பார்க்க முடியாது. அதுவே சரி என்பது என் கருத்து. ஏன் தெரியுமா? வன்புணர்ச்சி வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவர் என்பது நூற்றுக்கு 90-க்கு மேல் என்று அரசாங்கக் கணக்கே ஆண்டுதோறும் சொல்கிறது. உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், வேலை கொடுத்தவர். பட்டியலைப் பார்த்து அந்நியனுக்குப் பயந்து, வீட்டுக்குள் இருக்கிறவனை நம்பிவிடுவோம். அதுமட்டுமா? மாமன் பெயர் ஊர்ப் பட்டியலில் ஏறும், அதோடு நம் குடும்பப் பெயரும் கெடும் என்றால், பாட்டியும் தாத்தாவும் சேர்ந்து அந்தக் குழந்தையின் வாயைத்தான் அடைப்பார்கள். மாமன் தப்பித்துக்கொள்வான், குழந்தை அழும். குழந்தைகளைக் காக்க வேண்டுமானால் புகாரை உடனே பதிவு செய்யும் காவல் நிலையமும், விரைந்து தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றமும் வேண்டும்; பள்ளியிலும் விடுதியிலும் ஆள் சேர்க்கும்போது காவல்துறை தன் பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"அப்படியானால் அரசியல்வாதியின் வழக்கையும் மூடி மறைக்கலாமா?" என்று ஒரு தம்பி கேட்கக் கூடும். நல்ல கேள்வி. தேர்தலில் நிற்பவன் தன் மீதுள்ள வழக்குகளை அறிவிக்க வேண்டும் என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது நியாயம், அவன் நம்மிடம் அதிகாரம் கேட்கிறான். மூட்டை தூக்குகிறவன் யாரிடமும் அதிகாரம் கேட்கவில்லை, வேலை கேட்கிறான். ஆள்வோரின் கணக்கு வெளிச்சத்தில் இருக்க வேண்டும். ஏழையின் பழைய கதை, அவன் தண்டனையை அனுபவித்து முடித்த பிறகு, அவனுக்கே சொந்தமாக இருக்க வேண்டும். முடிந்த தண்டனையைப் பட்டியல் மீண்டும் தொடங்கி வைக்கிறது. வேலை கிடைக்காதவன் எங்கே போவான்? பழைய கூட்டாளியிடம்தான் போவான். அதனால் ஊருக்கும் பாதுகாப்பு இல்லை.

தோழர்களே, வெறும் கண்டனத்தோடு நான் முடிக்கப் போவதில்லை. சட்டம் நமக்குக் கொடுத்திருக்கும் சில பிடிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று: 2024 மே 7 அன்று டெல்லி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், ஹிஸ்டரி ஷீட் காவல்துறையின் உள் ஆவணமே, பொதுமக்கள் பார்வைக்கு உரியது அன்று என்று சொல்லியிருக்கிறது. தாழ்த்தப்பட்ட, பின்தங்கிய, ஏழை மக்கள் மீது எந்திரத்தனமாக இதைத் திறப்பதைச் சுட்டிக்காட்டி, டெல்லியில் செய்த திருத்தங்களை மற்ற மாநிலங்களும் பரிசீலிக்க வேண்டும் என்றும் கூறியது. வீட்டிலுள்ள சிறு பிள்ளைகளின் விவரத்தை அதில் எழுதக் கூடாது என்பது அந்தத் திருத்தங்களில் ஒன்று. எந்த ஹவல்தாராவது அந்தத் தாளைத் தெருவில் காட்டினால், அது தவறு என்று எழுத்தில் முறையிடுங்கள்.

இரண்டு: 2022-ஆம் ஆண்டுக் குற்றவியல் அடையாளச் சட்டப்படி எடுக்கும் கைரேகை, படம் முதலியவற்றை 75 ஆண்டு வைத்திருக்கலாம். மனிதன் செத்த பிறகும் பதிவு சாகாது! ஆனால் முன்பு தண்டனை இல்லாத ஒருவர் விசாரணையின்றி விடப்பட்டாலோ, வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டாலோ, குற்றமற்றவர் என்று மேல்முறையீடுகளும் முடிந்து தீர்ப்பானாலோ, நீதிமன்றம் வேறுவிதமாக உத்தரவிடாவிட்டால் அவற்றை அழிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. தீர்ப்பு நகலை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அழிக்கச் சொல்லி மனுக் கொடுங்கள்.

மூன்று: 18 வயதுக்குள் பிள்ளை செய்த தவறு, பெரும்பாலான வழக்குகளில் அவன் எதிர்காலத்துக்குத் தடையாக வரக் கூடாது என்பது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். முடிந்துபோன அத்தகைய வழக்கை நன்னடத்தைச் சான்றில் காவல்துறை குறிப்பிடக் கூடாது. பெரியவர்களுக்கும், 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தில் விடுவிக்கப்பட்டால், தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது.

நான்கு: அரசு வேலை விண்ணப்பத்தில் வழக்குப் பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். சிறு வழக்கை விட, அதை மறைத்ததுதான் வேலையைப் பறிக்கிறது. உண்மையைச் சொன்னவரின் வழக்குத் தன்மையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பது 2016-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. கேட்காத இடத்தில் நீங்களாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்து: வக்கீலுக்குப் பணம் இல்லை என்று சும்மா இருக்காதீர்கள். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்கள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

கடைசியாக ஒரு வார்த்தை. இந்தப் பதிவேட்டை அரசாங்கம் மட்டுமா எழுதுகிறது? நம் சாலில் ஒருவன் சிறை சென்று திரும்பினால், அவன் பிள்ளையோடு நம் பிள்ளையை விளையாட விடாமல் தடுக்கிறோமே, அதுவும் ஒரு பட்டியல்தான். அவன் மனைவி குழாயடியில் நிற்கும்போது பேச்சை நிறுத்துகிறோமே, அதுவும் ஒரு பலகைதான். சர்க்காரிடம் உரிமை கேட்கிற நாம், நம் வரிசையிலும் அவளுக்கு இடம் கொடுக்க வேண்டும். திரும்பி வந்தவனுக்கு வேலை தேடித் தரும் பொறுப்பை நம் மன்றம் ஏற்க வேண்டும் என்று முன்மொழிகிறேன்.