கலங்களின் செய்தியும் ஒரு விஞ்ஞானியின் தேடலும்



நமது உடல் கோடானுகோடி கலங்களாலானது. ஒரு கலம் எப்போது இரண்டாகப் பிரிய வேண்டும், எப்போது ஓய்ந்திருக்க வேண்டும் என்பதைத் தானாகத் தீர்மானிப்பதில்லை; வெளியிலிருந்து வரும் செய்தியைக் கேட்டே அது நடக்கிறது. படலையில் நின்று ஒருவர் அழைத்தால் வீட்டிலுள்ளவர் எழுந்து வருகிறார். அழைப்பு நின்றதும் தம் வேலைக்குத் திரும்புகிறார். படலையில் எவருமில்லாதபோதும் அழைப்பொலி ஓயாது கேட்டுக்கொண்டிருந்தால் அவ்வீட்டில் அமைதி ஏது? புற்றுநோய்க் கலங்கள் பலவற்றின் நிலை இதுவே.

இதனை விளக்கியவர்களுள் ஒருவர் ரொனி ஹன்ரர். 1943ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே பிறந்து, கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்திற் பயின்று, அமெரிக்காவிலே கலிபோர்ணியாவிலுள்ள சோல்க் ஆய்வு நிலையத்திற் பணியேற்றவர். விலங்குகளிற் கட்டிகளை உண்டாக்கும் வைரசுகளே அவரது ஆய்வுப் பொருளாயின.

சில நொதியங்கள் புரதங்களின்மீது பொசுபேற்றை ஏற்றி அவற்றின் தொழிலை மாற்றுகின்றன என்பது முன்னரே தெரிந்த செய்தி. செரின், திரியோனின் என்னும் இரு அமினோவமிலங்களிலேயே அது ஏறுவதாக அறிஞர் கருதினர். 1979இல் ஹன்ரர் தம் பரிசோதனையில் விளைந்த பொருள்களை மின்புலத்தில் நகரவிட்டுப் பிரித்தார். அவர் பயன்படுத்திய கரைசல் பழையது. அதனால் அதன் அமிலத்தன்மை சற்றே கூடியிருந்தது. புதிய கரைசலில் ஒன்றாகவே நகரும் இரு பொருள்கள் இதிலே பிரிந்து நின்றன. எதிர்பாராத ஒரு புள்ளி தோன்றியது. அது, தைரோசின் என்னும் அமினோவமிலத்திற் பொசுபேற்று ஏறிய பொருள். தற்செயல் கதவைத் திறந்தது உண்மையே; எனினும், அப்புள்ளியைப் பிழையென்று ஒதுக்காது ஆராய்ந்த மனமே கண்டுபிடிப்பைச் செய்தது.

பெயிற்றன் ரவுசு என்பார் கோழிகளிற் புற்றை உண்டாக்கும் வைரசு பற்றி 1911இல் அறிவித்திருந்தார். அதற்குரிய நோபெல் பரிசு 1966இலேயே கிடைத்தது. அவ்வைரசின் புரதமும் தைரோசினிலேயே பொசுபேற்றை ஏற்றுகிறதென ஹன்ரரும் அவர்தம் சகா பாட் செவ்ரனும் 1980இற் காட்டினர். சாதாரண கலத்தில் மிக அரிதாகவுள்ள இப்பொருள், வைரசு புகுந்த கலத்தில் ஏறத்தாழப் பத்து மடங்காகப் பெருகியிருந்தது. ஓயாத அழைப்பொலி எங்கிருந்து எழுகிறதென்பது இவ்வாறு புலனாயிற்று.

இதனால் நோயாளருக்கு என்ன பயன் எனக் கேட்கலாம். ஒருவகை வெண்குருதிப் புற்றுநோயில் இரு நிறமூர்த்தங்கள் முறிந்து இடம்மாறி ஒட்டிக்கொள்வதால், நிறுத்தமின்றி இயங்கும் அத்தகைய நொதியம் ஒன்று பிறக்கிறது. அதனை அடக்கும் இமற்றினிப் என்ற மருந்து 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சில ஆண்டுகளில் உயிரைப் பறித்த அந்நோயுடன், நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு நெடுங்காலம் வாழப் பலருக்கு வழி பிறந்தது. நொதியம் உருமாறி மருந்துக்கு அடங்காதுபோவதும் உண்டு. புற்றுநோய்கள் யாவும் இம்மருந்துக்குப் பணிவனவும் அல்ல. ஆகவே தேடல் தொடர்கிறது.

கோழியின் கட்டியிலிருந்து நோயாளியின் மாத்திரைவரை தொண்ணூறு ஆண்டுகள் சென்றன. உடனடிப் பயன் யாதென்று வினவி அவ்வாய்வுகளை இடைநடுவில் நிறுத்தியிருப்பின், இன்று உயிரோடிருப்போர் பலர் நம்மிடையே இரார். அறிவை அறிவுக்காகத் தேடுவோரை ஆதரிப்பது, நாம் காணாத நோயாளிக்கு இன்றே செய்யும் உதவியாகும்.