மகப்பேற்று உதவி: விண்ணப்பமும் உரிமையும்

செலவு மிகும் பேறுகாலத்தில் உழைக்கும் பெண்ணின் ஊதியம் நின்றுபோகும் இடரை நீக்கவே 1961 ஆம் ஆண்டு மகப்பேற்று உதவிச் சட்டம் இயற்றப்பெற்றது. 2017 ஆம் ஆண்டுத் திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. 2020 ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இந்நெறிகளையே மேற்கொண்டுள்ளது.

பேற்றுக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாட்கள் பணிபுரிந்தவர் இவ்வுதவிக்குத் தகுதியுடையவர். விடுப்புத் தொடங்கும் நாளையும், தொகையைப் பெறுதற்குரியவரின் பெயரையும் குறித்து அவர் எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். கருவுற்றமைக்குச் சான்று அளித்தால் பேற்றுக்கு முந்தைய காலத்திற்குரிய தொகை முன்னதாகவே வழங்கப்பட வேண்டும். எஞ்சியது, பேற்றுக்குச் சான்று தந்த 48 மணி நேரத்திற்குள் சேர வேண்டும்.

முன்னரே அறிவிக்க இயலாதவர் பேற்றுக்குப் பின் விரைவில் அறிவிக்கலாம். அறிவிக்கத் தவறியமை மட்டுமே உதவியை மறுக்கக் காரணமாகாது. தில்லி மாநகராட்சியின் நாட்கூலிப் பெண்களுக்கும் இவ்வுரிமை உண்டென உச்ச நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

ஆகவே, காலந்தாழ்ந்து வந்தது என்றோ, விண்ணப்பித்தவர் நாட்கூலிப் பணியாளர் என்றோ விண்ணப்பத்தைத் திருப்பியனுப்புமுன், சட்டத்தின் இந்நோக்கத்தை நினைவிற்கொள்வது அலுவலர்களின் கடமையாகும்.