மானியம் பட்டாவுக்கா, பாடுபடுகிறவனுக்கா?

(பாகூர் கொம்யூனில் ஒரு காலனியில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையேறியது. அடுத்து சாத்தனூர் அணையைத் திறந்தார்கள்; தென்பெண்ணைத் தண்ணி பாகூர் பக்கத்து ஊர்களுக்குள் வந்தது. நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. புதுச்சேரி அரசு நிவாரணம் அறிவித்தது. ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய். பயிர்ச் சேதத்துக்கு ஹெக்டேருக்கு 30,000 ரூபாய்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். அஞ்சு ஹெக்டேர் வைத்திருப்பவருக்கு ஒன்றரை லட்சம், கார்டுக்காசு வேறு. அந்த அஞ்சு ஹெக்டேரில் நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்த நம்ம பொம்பளைகளுக்குக் கார்டுக்காசோடு சரி. அறுப்பு போச்சு, கூலியும் போச்சு. போன கூலியை எழுத எந்தப் பாரத்திலும் கட்டம் இல்லை.

எனக்கு மாமன் முறை ஆகிறவர் ரெண்டு காணி குத்தகைக்குப் பயிர் வைத்திருந்தார். விதை, உரம், உழவு எல்லாம் அவர் காசு. நிவாரணத்துக்குப் போனால் பட்டாக்காரரிடம் கையெழுத்து வாங்கி வா என்றார்கள். பட்டாக்காரர் சொன்னார்: "கையெழுத்துப் போட்டா நாளைக்கி நீ குத்தகைப் பாத்தியம் கேப்ப." புதுச்சேரியில் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1970இல் வந்தது. அந்தச் சட்டத்துக்குப் பயந்துதான் இன்றைக்கும் எல்லாம் வாய்ப்பேச்சுக் குத்தகை. பாதுகாக்க வந்த சட்டத்தையே நம்ம கழுத்துக்குக் கயிறாகத் திரித்துவிட்டார்கள்.

பி.எம். கிசானும் இப்படித்தான். வருஷத்துக்கு 6,000 ரூபாய். 2019இல் ஆரம்பிக்கும்போது ரெண்டு ஹெக்டேர் வரைக்கும் என்றார்கள். சில மாசத்திலேயே அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். பெரிய பண்ணைக்குக் கதவு திறந்தது, குத்தகைக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் திறக்கவில்லை. தெலங்கானாவில் 2018இல் வந்த ரைது பந்து இன்னும் வெளிப்படையாக இருந்தது: ஆரம்பத்தில் ஒரு போகத்துக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் கொடுத்தார்கள், உச்சவரம்பே வைக்கவில்லை, குத்தகைக்காரனுக்குக் காலணா கொடுக்கவில்லை. நிலம் எவ்வளவோ அவ்வளவு மானியம். இதற்குப் பேர் விவசாயி நலம்!

இயந்திர விஷயத்துக்கு வருகிறேன். வேளாண் இயந்திரத்துக்கு மத்திய அரசு மானியத்தில் மற்றவர்களுக்கு 40 சதவீதம், எஸ்.சி. விவசாயிக்கு 50 என்று விதி இருக்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நிலமில்லாதவன் டிராக்டரை எங்கே ஓட்டுவான், கூரை மேலா? நடந்தது வேறு. அறுப்பு மெஷின் வந்தது. பத்து ஆள் ஒரு நாள் அறுத்த வயலை ஒரு மணி நேரத்தில் முடிக்கிறது. மெஷின் கூடாது என்று நான் சொல்லவில்லை. இடுப்பொடியக் குனிந்து அறுக்கும் வேலை நம்ம பரம்பரைச் சொத்தாக இருக்க வேண்டாம். ஆனால் வேலையைப் பறிக்கிற மெஷினுக்கு மானியம் கொடுக்கிற அரசு, வேலை போனவளுக்கு என்ன கொடுத்தது? 2023-24 மத்திய பட்ஜெட்டில் உர மானியம் சுமார் 1,75,000 கோடி, நூறு நாள் வேலைக்கு 60,000 கோடி.

நமக்கு ஏன் பட்டா இல்லை? 1892இல் வெள்ளைக்காரன் சென்னை மாகாணத்தில் பஞ்சமி நிலத்துக்கு ஆணை போட்டான். பிரெஞ்சு எல்லைக்குள் அந்த ஆணை செல்லாது. அங்கேயும் கொடுத்ததைப் பிடுங்கினார்கள். திருப்பிக் கேட்டதற்கு 1994இல் செங்கல்பட்டில் ஜான் தாமசையும் ஏழுமலையையும் சுட்டார்கள். அமெரிக்காவில் கறுப்பு விவசாயிகளுக்கு அரசுக் கடனை மறுத்தார்கள். அவர்கள் வழக்குப் போட்டு, 1999 உடன்பாட்டில் நஷ்டஈடு வாங்கினார்கள்.

முடியாது என்பது பொய். ஒடிசாவில் காலியா திட்டத்தில் நிலமில்லாத கூலிக் குடும்பத்துக்கும் 12,500 ரூபாய் வைத்தார்கள். இங்கே யாரைப் போய்க் கேட்பது? கொம்யூன் பஞ்சாயத்துக்கு 1968க்கு அப்புறம் 2006இல்தான் தேர்தல் நடந்தது. 2011இல் அவர்கள் காலம் முடிந்ததும் மறுபடி அதிகாரி ராஜ்யம்.

அதனால் பட்டியலை நாமே எழுதப் போகிறோம். யார், எந்த வயலில், வெள்ளத்தில் எத்தனை நாள் கூலி போச்சு, எத்தனை காணி வாய்க்குத்தகை என்று. நோட்டு கொண்டுவந்திருக்கிறேன். பொம்பளைங்க முதல்ல வந்து பேர் சொல்லுங்க.